ஜீப்பின் இடதுபக்கச் சக்கரம்

நான் ஸ்பானர் மேல் ஏறிக் குதித்ததாக உத்திரமேரூரில் பேசுகிறார்கள். குதிக்கவில்லை. நின்றேன்.

என் கணவரின் பழைய ஜீப்பில் இடது முன்சக்கரம் பஞ்சர். காலையில் வீட்டுக்கு வந்த டயர்கடை காதர் பாய் அரைமணி நேரம் மல்லுக்கட்டியும் நட்டுகள் அசையவில்லை.

"துரு புட்ச்சிக்கினு கீதும்மா. உளி வெச்சி வெட்டிறலாம்."

வெட்டினால் போல்ட்டும் போகும். இந்த வண்டிக்கு வேறு கிடைக்காது. போல்ட்டின் முனையைத் துடைத்துப் பார்த்தேன். எதிர்த்திசையில் கழலும் இடதுமரை என்பதற்கான ஆங்கில 'எல்' பொறித்திருந்தது.

"பாய், இந்தப் பக்கத்து மரை தலைகீழ். இவ்வளவு நேரமா இறுக்கிக்கிட்டிருக்கீங்க."

"இன்னாம்மா நீங்க, ஒலகமே இப்டித்தான் கயட்டுது!"

ஸ்பானரை மறுபக்கமாக மாட்டி ஏறி நின்றேன். நட்டு இளகிவிட்டது.

தான் இளக்கி வைத்ததைத்தான் நான் கழற்றினேன் என்று கடையில் சொல்கிறாராம்.

பாய், எந்தப் பக்கம் திருப்பியபோது கழன்றது? இந்தப் பதிவின் கீழேயே எழுத்தில் பதில் போடுங்கள்.