வேலைக்கு விருப்பமில்லாதவள்

செம்மேட்டு ஆபீசிலிருந்து யார் போன் செய்தாலும் எங்கள் ஊரில் பதில் ஒன்றுதான்: ஆமாங்க. கேள்வி விளங்கியதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். அரசாங்கத்து ஆளிடம் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. நூறு நாள் வேலைக்குப் பொறுப்பாளராக இருக்கும் எனக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் காலையில் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு களி கிண்டிக்கொண்டிருந்தேன். ஆபீஸ்காரர் பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டு அத்தையின் பெயர் வந்தது.

"ரெண்டு வாரமா வரலியே. வேலைக்கு விருப்பமில்லைன்னு போட்டுரட்டுமா?"

"ஆமாங்க" என்றேன். களி அடிபிடிக்கிற நேரம்.

அத்தை மகளின் பிரசவத்துக்காக ராசிபுரம் போயிருந்தாள். அது எனக்கு நன்றாகவே தெரியும். திரும்பி வந்து பார்த்தால் பட்டியலில் அவள் பெயர் இல்லை. மண்வெட்டியை முதலில் தூக்கிக் கடைசியில் கீழே வைக்கிறவள் அவள். மாமா போன பிறகு அவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை. நாலு முறை ஆபீசுக்கு அலைந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியாமல் கம்ப்யூட்டரைத் திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவ்வளவு வெட்கங்கெட்டவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் குழு வருவதாகச் சேதி வந்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் வேலை தருவதாக நம் அரசாங்கம் உலக நாடுகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறதாம். சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க மலையேறி, எங்கள் திண்ணனூர் நாட்டில் நாங்கள் வெட்டும் குட்டைவரை வருகிறார்களாம். அந்தக் குட்டையை எங்கள் ஊர்க்காரர்களே எட்டிப் பார்த்ததில்லை.

முதல் நாளே அதிகாரி வந்துவிட்டார். சமவெளிக்காரர், நல்ல மனிதர், பயந்த சுபாவம். கூட்டம் நிறையத் தெரிய வேண்டும், பட்டியலில் இல்லாதவர்களையும் கூட்டி வா என்றார். அத்தையும் மண்கூடையோடு வந்து நின்றாள்.

"அவங்க என்ன கேட்டாலும் ஆமாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். யாருக்குப் பாடம் நடத்துகிறார் பாருங்கள்.

மறுநாள் அந்தக் குழுவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். அவர் கேட்பதைத் தமிழில் சொல்லக் கூடவே ஒரு சென்னைப் பெண்.

"ஒழுங்கா வேலை குடுக்கறாங்களா?"

"ஆமாங்க."

"உக்கார நெழல் இருக்கா?"

"ஆமாங்க." சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. அதிகாரி புன்னகைத்தார்.

"வேலை கேட்டும் கிடைக்காதவங்க யாராவது இருக்காங்களா?"

"ஆமாங்க" என்றோம், அத்தனை பேரும் ஒரே குரலில்.

அதிகாரி கைக்குட்டையைத் தேடினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. யார் அது என்று கேட்டதும் அத்தை கூடையை இறக்காமலே முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க. எனக்கு வேலைக்கு விருப்பமில்லீங்களாமா."

தலையில் ஒரு கூடை மண். கழுத்தெல்லாம் வேர்வை. அந்த அம்மாள் கூடையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படி யார் சொன்னது?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பழி கம்ப்யூட்டரோடு போயிருக்கும். ஆனால் அத்தை அந்தப் பாரத்தோடு பதிலுக்காகக் காத்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"நாந்தானுங்க. களி கிண்டிட்டே யோசிக்காம சொல்லிட்டேன்."

களியை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று சென்னைப் பெண் திணறினாள். அத்தை மண்ணைக் கொட்டப் போய்விட்டாள்.

பதினைந்து நாளில் அவள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. புது அட்டையை நானே எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "தப்புத்தானுங்க அத்தை" என்றேன். அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தம்மா கடல் தாண்டி வந்து என்னையக் கேட்டுட்டுப் போச்சு. நீ பக்கத்து ஊடு. அடுத்த தடவ என்னையப் பத்தி யாராச்சும் கேட்டா, செவுத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தம் குடு சாமி."