அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த நம்பர்

இலவசம் என்று யாராவது சொன்னால் என் கை தானாகக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நான் சந்தேகப் பிராணி, ஒத்துக்கொள்கிறேன். உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, உங்கள் கணக்கை முடக்கப்போகிறோம் என்று என்னை ஏமாற்றப் பார்த்தவர்கள் கொஞ்சமா நஞ்சமா? அதற்காகவே இரண்டாவது நம்பர் ஒன்று வைத்திருந்தேன். குலுக்கல் சீட்டில் எழுதச் சொன்னாலும், முன்பின் தெரியாதவர்கள் கேட்டாலும் அதைத்தான் கொடுப்பேன். அந்தக் கைப்பேசி பெரும்பாலும் டிராயருக்குள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும்.

ஈஜோக் என்கிற சின்ன ஊரில் நானும் என் கணவரும் கெனோப்பிக் கூடாரம், மேசை, நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறோம். அவர் லோரி ஓட்டுவார். பேசுவதெல்லாம் நான்தான். கல்யாண வீட்டுக்காரர்களிடம் கறாராகப் பேசுவேன். சாவு வீடு என்றால் மறுபேச்சே கிடையாது, உடனே லோரி கிளம்பும். இந்த வட்டாரத்தில் எங்களுக்கு இருந்த நல்ல பெயரே அதுதான்.

இப்போது எல்லாரும் கைப்பேசியில் தேடித்தான் ஆள் பிடிக்கிறார்கள் என்று சொல்லி, போன வருடம் என் கணவர் ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். செரண்டாவில் தொழிற்சாலை அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கிறவள். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மடிக்கணினியை எங்கள் பிளாஸ்டிக் மேசையிலேயே விரித்தாள். அவள் சொன்ன விலை ரொம்பக் குறைவு. எனக்குச் சுருக்கென்றது.

"எப்படி இவ்வளவு சீப்பா செய்ற?"

"சாஃப்ட்வேர் ஓசி, ஆண்ட்டி. ஓப்பன் சோர்ஸ். நெறைய பேரு சேர்ந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விட்டது. டிசைனும் ரெடிமேட் டெம்ப்ளேட். உங்க பேரு, போட்டோ, வெலை மட்டும் மாத்திப் போடுவேன். வருஷா வருஷம் டொமேனுக்கு, அதான் வெப்சைட்டு பேருக்கு, மட்டும் நீங்க கட்டணும்."

"ஓசில எவன்லா எழுதிக் குடுப்பான்? அவனுக்கு என்ன லாபம்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம், எங்கள் பக்கத்தைக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. நான் சும்மா இருப்பேனா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இணையத்தில் துழாவினேன். கிள்ளானில் ஒரு கேக் கடை. அதே நீலப் பட்டை, அதே மூன்று கட்டங்கள். எங்கள் கூடாரம் இருந்த இடத்தில் அவர்களுடைய கேக் இருந்தது. உடனே போன் போட்டேன்.

"கேக் கடைக்காரனோடத திருடி என் தலையில கட்டப் பாக்குறியா?"

"ஆண்ட்டி, கல்யாணத்துக்குப் போட்ட கெனோப்பியத்தானே மறுநாள் சாவு வீட்டுக்கும் போடுறீங்க? துணிய மட்டும் மாத்துவீங்க. டெம்ப்ளேட்டும் அப்படித்தான் லா."

போனைப் பட்டென்று வைத்தேன். கோபம்தான் கூடியது. கடைசி நாளில் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்து, "டொமேன் உங்க பேருலதான் இருக்கு ஆண்ட்டி, என்னைப் பிடிக்கலன்னா வேற ஆள வச்சுக்கலாம்" என்றாள். யோக்கியமாகத்தான் நடந்துகொண்டாள். நானோ, சாவியை இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறவள் இன்னொரு சாவி வைத்திருக்க மாட்டாளா என்று யோசித்தேன்.

அப்படிப்பட்டவளிடம் என் சொந்த நம்பரைக் கொடுப்பேனா? பக்கத்தின் அடியில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதைத் தட்டினால் வாடிக்கையாளர் எழுதுவது நேராக என் கைப்பேசிக்கு வரும் என்றாள். டிராயரில் கிடக்கிற கைப்பேசியின் நம்பரைக் கொடுத்தேன். "இதுதானே ஆண்ட்டி? ஆர்டர் எல்லாம் இதுலதான் வரும்" என்று இரண்டு முறை கேட்டாள். இதேதான் என்றேன். ஒரு மாதம் போகட்டும், ஒழுங்காக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. முதல் வாரம் அதற்குச் சார்ஜ் போட்டு, டிராயரைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அப்புறம் அடியோடு மறந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, மளிகைக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். புக்கிட் பெலிம்பிங்கில் என் தோழியின் கணவர் இறந்து நான்கு நாள் ஆகிவிட்டதாம். அவளும் நானும் ஒரே தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடு. அவள் மாதா கோயிலுக்குப் போவாள், நான் மாரியம்மன் கோயிலுக்குப் போவேன். மற்றபடி ஒரு தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இறப்புச் செய்தி ஏதேதோ குரூப்களில் வந்திருக்கிறது. நான் எந்தக் குரூப்பிலும் இல்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டாளே" என்றேன்.

"சொல்லாம என்ன?" என்றாள் அந்தப் பெண். "அவங்க மக கோலாலம்பூர்லேர்ந்து வந்து, உங்க வெப்சைட்டுலதான் கெனோப்பி கேட்டிருக்கா. நீங்க பதிலே போடலையாம். சவப்பொட்டிய எடுக்கிறப்ப நல்ல மழை. எல்லாரும் நனைஞ்சிக்கிட்டே நின்னோம்."

"அவ எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே?"

"சொல்லியும் வராதவள எதுக்குக் கூப்பிடணும்னு சொல்லிட்டாங்க."

எனக்கு ஒரே ஒரு முடிவுதான் தோன்றியது. அந்தச் செரண்டாக்காரி என் ஆர்டரை எல்லாம் வேறு எவனுக்கோ தள்ளிவிடுகிறாள். கடையில் நாலு பேர் காதில் விழும்படி அதைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். கணவரோடு லோரியிலேயே செரண்டாவுக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பிப் பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் இருந்த நம்பரைக் காட்டினாள். என் கணவர் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம டிராயர்ல கெடக்கறதாச்சே."

அவள் என்னிடம் சரியான நம்பரைக் கேட்டு வாங்கி, மாற்றி, என் எதிரிலேயே ஒரு முறை தட்டிச் சோதித்துக் காட்டினாள். பணம் வேண்டாம் என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்து அந்தக் கைப்பேசிக்குச் சார்ஜ் போட்டேன். பதினான்கு செய்திகள். பிறந்தநாள், காது குத்து, ஒரு நிச்சயதார்த்தம். நடுவில் தோழியின் மகள் வீட்டு முகவரியை ஒழுங்காக எழுதி, 'ஆண்ட்டி கண்டிப்பா வருவாங்கன்னு அம்மா சொல்றாங்க' என்று முடித்திருந்தாள்.

மறுநாள் காலை முதலில் மளிகைக் கடைக்குப் போய், தப்பு என்னுடையது, அந்தச் செரண்டாப் பெண் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கடைக்காரரிடம் சொன்னேன். பிறகு புக்கிட் பெலிம்பிங். "வெப்சைட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு, விடு" என்று வழியெல்லாம் என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் இன்னொரு தடவை பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

தோழி கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நம்பர் வைத்திருப்பதை, யாருக்கு எதைக் கொடுப்பேன் என்பதை, எதையும் மறைக்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்கிட்ட இருக்கிறது எந்த நம்பரு?"

"உனக்குப் போய் அத குடுப்பனாடி?"

அவள் மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தேடித் தட்டினாள். நாற்பது வருடப் பழக்கம். என் வார்த்தையை நம்பாமல் அடித்துப் பார்க்கிறாள். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? என் கைப்பைக்குள் மணி அடித்தது.

"எடு" என்றாள்.

எடுத்துக் காதில் வைத்தேன். அவளும் வைத்துக்கொண்டாள். எங்களுக்கு நடுவில் நாலடிகூட இல்லை.

"அவரு போயிட்டாருடி" என்றாள் போனுக்குள். "மழை வர மாதிரி இருக்கு. சீக்கிரம் வா."

"வந்துட்டேன்டி" என்றேன் போனுக்குள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் பக்கத்தில் போய் நின்றேன்.