பொம்மர்காரனைத் தூக்கிய அந்தோனி

அந்தோனி இந்த மாரி முடியுமுன் போய்விடுவான் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். ஒருவரும் நம்பவில்லை. செங்கலடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது அவன் செத்துப்போனான் என்று தொலைபேசி வந்தது. "இதைத்தானே சொன்னன்" என்றேன். பையை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

போர்க்காலத்தில் அந்தப் பொம்மர் விழும் என்றும் நான்தான் முதலில் சொன்னேன். குண்டு போட வந்த விமானம் சூடுபட்டு, பனிச்சங்கேணிக்கு மேலே தீப்பிடித்து, வாவிக்குள் விழுந்தது. தண்ணீர் கொதித்து மீனெல்லாம் அவிந்து மிதந்தது. இருந்திருந்தால் அந்தோனி இந்த இடத்தில் குறுக்கே வந்திருப்பான்: "ஒரு மீனும் அவியல்ல மச்சான், சும்மா இரு." அவனை அறிந்தவர்களே, ஒரு கதையையாவது என்னை முழுதாகச் சொல்ல விட்டானா?

விமானி பரசூட்டோடு வந்து அந்தோனியின் இறால் வலைக்குள் விழுந்தான். கயிறும் வலையும் சிக்கி ஆள் அமிழ்ந்துகொண்டிருந்தான். தோணியின் முன்னால் இருந்த நான், "வலைய வெட்டுடா!" என்று கத்தினேன்.

"வெட்டினா நீயா கட்டித் தருவாய்?"

மீன் விற்கப் பழகிய சிங்களத்தில் அந்தோனி விமானியைத் தோணி விளிம்பைப் பிடிக்கச் சொன்னான். விமானியின் தாடை தண்ணீரில் அமிழாமல் முழங்கையில் தாங்கிக்கொண்டு, வலையைக் கண்ணி கண்ணியாகக் கழற்றினான். எனக்கு வந்த எரிச்சலுக்கு இரண்டு பேரையும் தள்ளியிருப்பேன்.

கரையில் சனம் திரண்டு நின்றது. "நமக்குக் குண்டு போட்டவனையா தூக்கிற்று வாறாய்?"

"தண்ணிக்குள்ள தாழுறவன் மனிசன்தான் கா. சண்டையெண்டா என்னோட பிடிங்க" என்றான் அந்தோனி.

விமானியைப் பிறகு அவன் பக்கத்து ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். உயிரோடு வீடு சேர்ந்தான் என்று வானொலி சொன்னது. அதற்குப் பின் அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

ஏச்செல்லாம் அந்தோனியின் மனைவி ரோசலினுக்கு. கிணற்றடியில் "பொம்மர்காரன்ட ஆக்கள்" என்று குத்திப் பேசினார்கள். அப்போதுதான் நான் ஊருக்குச் சொன்னேன்: 'நீ செத்தா உன்ட பெட்டியத் தூக்க நான் வருவன்' என்று விமானி அரைகுறைத் தமிழில் அந்தோனிக்குச் சத்தியம் பண்ணினான், என் காதால் கேட்டேன் என்று. வாய்கள் அடங்கின. என் கதைகளில் இந்த ஒன்றை மட்டும் அந்தோனி மறுக்கவில்லை.

அடக்கத்தன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. செபம் சொல்ல வந்த சுவாமி மணிக்கூட்டைப் பார்த்தார். ரோசலின் பெட்டியை மூட விடவில்லை.

"பொறுங்க சுவாமி, அந்தப் பிள்ளை வரும். அண்ணன், ரோட்டுப் பக்கம் பாருங்க."

இப்போது அந்த விமானியும் கிழவனாகியிருப்பான். பார்த்தேன். பஸ் போனது, ஒருவரும் இறங்கவில்லை. வராத அந்த மனிதன்மேல் எனக்குக் கொதித்தது. சுவாமி மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அவன் வரமாட்டான் தங்கச்சி. அவன் அப்படிச் சொல்லவேயில்ல. நான்தான் கட்டிச் சொன்னன்."

ரோசலின் என்னை ஏசவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அவன்ட இடத்தில நீங்க பெட்டியப் பிடிங்க."

அந்தோனியிடமிருந்து என்னிடம் இருப்பது, வலது தோளில் கன்றிப்போன இந்த இடம். இதைக் கூட்டிச் சொல்லவில்லை.