டச்சுக்காரியின் முகூர்த்தப் புடவை

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தாமல் கிராமத்தில் ஊரார் நிலத்தில் நாற்று சுமந்தவன், இன்று பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தப் பட்டுக்கடை வைத்திருக்கிறேன். என்னிடம் கைகட்டி நிற்பவர்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். ஆகவே, ஒரு டச்சு அம்மாள் கைடு ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து வம்சப் பெருமை பேசியபோது நான் அசரவில்லை.

டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கிக் கப்பலேற்றினானாம் முப்பாட்டன். அவன் பிள்ளை ஜாவாவில் காப்பித் தோட்டம் போட்டான். பேரன் அதைச் சீட்டாடித் தொலைத்தான். அவனுக்குப் பின் வந்தவர்கள் ஹாலந்துக்குத் திரும்பி வாத்தியார் வேலையில் அடங்கினார்கள். நம் ஊர்த் துணியில் பணக்காரரானதற்கு இவ்வளவு சரித்திரம்! என் வம்சத்தில் முதல் பணக்காரன் நான்தான். ஒரே வரியில் முடிந்துவிடும்.

அவள் மகளுக்குக் கல்யாணம். முந்தானையில் தலைமுறைக்கு ஒரு சின்னம் வேண்டுமாம். கப்பல், காப்பிக்கொட்டை எல்லாம் சரி. முப்பாட்டன் மனைவிக்கு, சதுரங்கப்பட்டினத்தில் அவள் கல்லறையில் செதுக்கியிருந்த மண்டை ஓடு! அது இல்லாவிட்டால் புடவையே வேண்டாம் என்றாள். என்னால் முடியாததும் உண்டா? வாக்குக் கொடுத்து, சின்ன காஞ்சிபுரத்தில் என் தறிக்காரர் வீட்டுக்கு அவளை அழைத்துப் போனேன்.

டச்சு அம்மாள் நீட்டிய கல்லறைப் படத்தைப் பார்த்ததும் தறிக்காரரின் மனைவி எழுந்துவிட்டாள்.

"முகூர்த்தப் புடவையில மண்டை ஓடா? இன்னா மொதலாளி, புத்தி பெசகிப்போச்சா?"

"ஏம்மா, சிவனே கழுத்துல போட்டுக்கினு இருக்குறாரே?"

"அப்ப உங்க பேத்தி கல்யாணத்துக்கு நெய்ஞ்சுக்கோங்க. எங்க தறியில ஏறாது."

தறிக்காரர் கூரையைப் பார்த்தார். அந்த வீட்டில் யார் முதலாளி என்று புரிந்தது.

கைடு மொழிபெயர்த்ததும் டச்சு அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பாட்டி பிள்ளை பெற்ற அன்றே செத்தவளாம். அந்தப் பிள்ளையின் வழிதான் இவர்கள் எல்லோரும். அவளை விட்டுவிட்டு எப்படிக் கல்யாணம் என்றாள்.

"புருசன் இருக்கசொல்லவே போயிட்டாங்களா?" என்றாள் தறிக்காரரின் மனைவி. " அப்ப அவுங்க பூவாடைக்காரிமா, சுமங்கலியா போன வூட்டு தெய்வம்! மொதல்ல அவுங்களுக்குப் புதுப் பொடவ வச்சுப் படைக்கணும். அப்பால அத பொண்ணு கட்டிக்கணும். இத்தினி தலமொறையா ஒருத்தருமா படைக்கல?"

மண்டை ஓட்டுக்குப் பதில் மல்லிகைச் சரம் என்று முடிவானது.

புடவை வந்ததும் என் வீட்டில் படையல். பலகையில் புடவையை வைத்து, பூ சாத்தி, "பேர் சொல்லிக் கூப்டுமா" என்றாள் என் மனைவி.

டச்சு அம்மாளுக்கு ஆண்களின் பெயர், பதவி, கப்பலின் பெயர்கூட மனப்பாடம். முப்பாட்டியின் பெயரோ கல்லறையில்கூட இல்லை; இன்னாரின் மனைவி, அவ்வளவுதான்.

"போவுது. அம்மான்னு கூப்டு, வருவாங்க."

கைகூப்பிக் கூப்பிட்டாள். கைடு அதையும் மொழிபெயர்க்க வாயெடுத்தான்.

"சும்மா இருய்யா" என்றேன்.