படகுப் பக்கத்தை டைப்ஸ்கிரிப்டுக்கு மாற்றிய நாள்

சும்மா உட்கார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அன்றைக்குக் காலையிலிருந்து அண்ணி அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று கிளம்பியிருந்தது. கடலில் இருக்கும் படகுகள் எல்லாம் திரும்பிவிட வேண்டும் என்று முதல் நாளே அறிவிப்பு வந்துவிட்டது. அண்ணனின் விசைப்படகும் கடலுக்குப் போயிருந்தது. ஆனால் ஊருக்காக நாங்கள் செய்திருந்த இணையப் பக்கத்தில் அண்ணன் படகுக்கு நேராகக் ‘கரையில்’ என்று பச்சையாக நின்றது. அண்ணி நிம்மதியாக இஞ்சி நசுக்கிக்கொண்டிருந்தார்.

“போன் எடுக்க மாட்டேங்குறாங்களே அண்ணி?”

“சார்ஜ் போயிருக்கும். மீன இறக்கணும், வலையப் பாக்கணும், வந்ததும் வீட்டுக்கு ஓடியாந்துட முடியுமா? நீ ஏண்டி குட்டி போட்ட பூனையாட்டம் அலையிற?”

எனக்கே தெரியவில்லை, ஏன் என்று. சென்னைக் கம்பெனிக்கு நான் கருக்களாச்சேரி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அன்று அந்த வேலையில் மனசு ஒட்டவில்லை. லீவு சொல்லிவிட்டு, ஊர்ப் பக்கத்தின் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டேன். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தைச் செய்யச் சொன்னவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். காற்றடித்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடி மழையில் நிற்பார்கள். அது வேண்டாம், வீட்டிலிருந்தே போனில் பார்க்கட்டும் என்றார்கள். துறைமுகத்தில் வயர்லெஸ் பெட்டியோடு இருக்கும் மாமா ஒவ்வொரு படகுக்கும் ‘வந்தது’, ‘வரவில்லை’ என்ற இரண்டில் ஒன்றைத் தொடுவார். நானும் கல்லூரியில் என்னோடு படித்த, வயல்காட்டு ஊரான நெடுங்காட்டைச் சேர்ந்த நண்பனும் சேர்ந்து செய்தோம். திரைகளை நான் வரைந்தேன், உள்ளே ஓடும் கணக்கை அவன் எழுதினான். நல்ல காற்றடித்த நாளில் அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே வரவில்லை. அன்றுதான் அப்படி முதல் நாள்.

அவன் எழுதியது சாதா ஜாவாஸ்கிரிப்ட். அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணைப் போட்டாலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதன் தம்பி மொழியான டைப்ஸ்கிரிப்ட் அப்படியில்லை. எந்த இடத்தில் என்ன வகை என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், மீறினால் சண்டைக்கு வரும். மாற்ற வேண்டும் என்று நாள் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் கோப்புகளையெல்லாம் கட்டி ஒரே மூட்டையாக்கித் தருகிற பண்ட்லருக்கு அந்த மொழி புரியாது. அதற்குப் புரிகிற மாதிரி மாற்றித் தர ஒரு லோடரைச் சேர்த்தேன். கோப்புப் பெயர்களின் வால் எழுத்துகளை மாற்றி, உள்ளே வகைகளை எழுதினேன். ஓட்டினால், கோப்பே கிடைக்கவில்லை என்கிறது. கண் முன்னால் இருக்கிறதே சனியனே! புது வால் எழுத்தையும் தேட வேண்டும் என்று பண்ட்லரின் அமைப்புக் கோப்பில் சொல்ல மறந்திருந்தேன். அதையும் எழுதிய பிறகு ஓடியது. ஒரு பிழைகூட இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு படகின் பெயர் இருக்கும் இடத்தில் வேண்டுமென்றே எண்ணைப் போட்டு ஓட்டினேன். அப்போதும் பிழை இல்லை. தேடிப் பார்த்தால், கம்பெனி வேலையிலிருந்து நான் அப்படியே எடுத்து ஒட்டிய லோடர் அமைப்பில் ‘சரிபார்க்க வேண்டாம், மொழியை மட்டும் மாற்று’ என்று இருந்தது. வேகத்துக்காக அங்கே அப்படி வைத்திருப்பார்கள். கோபத்தில் அதை எடுத்தெறிந்துவிட்டு, கண்டிப்பான சரிபார்ப்பையும் இயக்கி மறுபடி ஓட்டினேன்.

திரை முழுக்கச் சிவப்பு. பாதி அற்பப் பிழைகள். ஒன்றை மட்டும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. படகின் நிலையைக் கேட்கும் வரி அது. ‘இந்த மதிப்பு இல்லாமலும் இருக்கலாம், அப்போது என்ன செய்வாய்?’ என்பதுதான் அந்தப் பிழையின் பொருள். மாமா தொடும் படிவத்தில் அதை நிரப்பாமல் விடலாம் என்று இருந்ததால், வகை எழுதும்போது நான்தான் ‘இல்லாமலும் போகலாம்’ என்று கேள்விக்குறி போட்டிருந்தேன். நண்பனின் வரியைப் படித்தேன். ‘வரவில்லை’ என்று இல்லாவிட்டால் ‘கரையில்’ என்று காட்டு.

கடலுக்குப் போனவரைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் ‘வரவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். கேட்டால் ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்பார்கள், இல்லாவிட்டால் பேச்சை மாற்றுவார்கள். வயர்லெஸ் மாமாவும் எங்கள் ஊர்க்காரர்தான். அவருக்குப் போன் போட்டேன்.

“அண்ணன் போட்டுக்கு நேரா நான் ஒண்ணும் தொடலையேம்மா. வாயில எடுக்கிற வார்த்தையா அது? சும்மா விட்டு வச்சிருக்கேன்.”

“வயர்லெஸ்ல கெடச்சாங்களா மாமா?”

“காத்து குறையட்டும்மா” என்றார்.

அடுத்து நண்பனைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் பாவம், ஒன்றும் புரியாமல், “வரலைன்னா வரலைன்னு போட வேண்டியதுதானே? எங்க ஊர்ல வாய்க்கால்ல தண்ணி வரலைன்னு தெனமும்தான் சொல்றோம்” என்றான்.

“தண்ணிக்கு பொண்டாட்டி புள்ள இருக்காடா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அண்ணன் படகு மட்டுமில்லை, மாமா தொடாமல் விட்ட படகுகள் எல்லாமே கரையில் என்று ஊர் முழுக்கப் போன்களில் பச்சையாக நிற்கின்றன. ‘வரவில்லை’ என்ற சொல்லையே நிரலிலிருந்து தூக்கினேன். ‘கரையில்’, ‘கடலில்’ இரண்டுதான். மாமா கரை என்று தொட்டால் ஒழிய எல்லாப் படகும் கடலில். சிவப்பு வரிகள் போயின. பண்ட்லர் மூட்டையைக் கட்டி முடித்ததும் ஏற்றிவிட்டேன். அடுப்படிக்கு எப்படி எழுந்து போனேன் என்று நினைவில்லை.

“அண்ணி, அண்ணன் இன்னும் கடல்லதான் இருக்காங்க.”

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அப்ப காலையிலேர்ந்து அது சொன்னது?”

“தப்பு அண்ணி.”

“எங்க வயித்துல நெருப்பு இருந்தா நாங்க ஓடிப் போயாவது நிப்போம்டி. அதையும் அணைச்சுட்டு உக்கார வச்சிட்டீங்களே!”

செருப்புகூடப் போடாமல் கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தெருவில் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு வாசலிலும் கையில் போனோடு ஒரு பெண். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துறைமுகத்தில் ஒவ்வொரு படகாக வந்தது, எங்களுடையது தவிர. அண்ணி கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் மாமாவின் அறைக்கும் கரைக்குமாக நடந்து தீர்த்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து என் போன் அடித்தது. அண்ணன்தான். எஞ்சின் மக்கர் பண்ணியதாம், வேறொரு படகு இழுத்துவந்து நாகப்பட்டினத்தில் ஒதுக்கியிருக்கிறதாம், போன் தண்ணீரில் போய்விட்டதாம்.

அண்ணி போனைப் பிடுங்கினார். “ஒரு போன வாங்கிப் பேச இவ்ளோ நேரமாயா உனக்கு?” என்று ஆரம்பித்து, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டித் தீர்த்துவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாகவே இல்லை.

மாமா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “நாகப்பட்டினம்னாலும் கரைதானம்மா. தொட்டுடவா?”

நான் தலையாட்டப் போனேன். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இருங்க. மொதல்ல என் கண்ணுல காட்டட்டும்.”