ஓர் ஆள் அதிகம்

பகலில் பேய் வராது என்று சொல்பவர்கள் அதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு இது நடந்தது மதியம் இரண்டரை மணிக்கு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று வீட்டில் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓரிடத்தில் நிற்காத பிள்ளையைப் படுக்கையில் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? முதல் வாரம் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

அதைப் பார்த்துவிட்டு என் கொழுந்தன் ஒரு கேம் மிஷின் வாங்கி வந்தான். யாரோ வைத்திருந்த பழசு என்று நினைத்துவிடாதீர்கள். புத்தம் புதுசு. பெட்டியை நான்தான் பிரித்தேன்.

அதில் ஒரு சின்ன ஊர். ஆறு, பாலம், மரங்கள், பேசும் மிருகங்கள். நமக்கென்று ஒரு பொம்மை செய்து, வீடு கட்டிக்கொண்டு அங்கே குடியிருக்கலாம். வாலு தனக்கு ஒன்று செய்தாள். எனக்கும் ஒன்று செய்தாள். பச்சை கவுன், பெரிய கொண்டை, மூக்குக்குப் பக்கத்தில் என் மச்சம்.

"தொப்பையும் வைக்கட்டுமாம்மா?"

"வாயை மூடுடி."

மிஷின் ஒன்றுதான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும். அவள் விளையாடும்போது என் பொம்மை அதன் வீட்டுக்குள் தூங்கும். நான் விளையாடினால் அவளுடையது தூங்கும். தூங்கும் பொம்மை வெளியே வராது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரைக் குறையில்லாத ஊராக ஆக்குவதுதான் வாலுவின் லட்சியம். அது லேசான வேலை இல்லை. ஊர் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மரம் அளவாக இருக்கவேண்டும். குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. ஒரு களை இருக்கக் கூடாது, ஒரு பூ வாடக் கூடாது. ஊர் ஆபீஸில் கண்ணாடி போட்ட ஒரு வாத்து உட்கார்ந்திருக்கும். போய்க் கேட்டால் அன்றைய குறை எது, எந்தக் கட்டத்தில் என்று சொல்லும். பொழுது சாய்வதற்குள் அதைச் சரி செய்துவிட வேண்டும். இப்படி இரண்டு வாரம் விடாமல் ஊரைச் சுத்தமாக வைத்திருந்தால், ஊர் நடுவில் விளக்கு வைத்த நீரூற்று ஒன்று வரும். கட்டைப் பிரிப்பதற்குள் அந்த நீரூற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தை ஒற்றைக்காலில் நின்றாள். நிஜமாகவே ஒற்றைக்கால்தானே.

என் வீட்டுக்காரருக்குப் பூங்காவில் தோட்ட வேலை. சாயங்காலம் வந்ததும் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

"நான் வெயில்ல நின்னு களை பிடுங்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஃபேன் காத்துல படுத்துக்கிட்டுக் களை பிடுங்கறீங்க. நல்லா இருக்குடி உங்க பொழப்பு."

அந்த இரண்டு வாரம் முடிய மூன்று நாள் இருந்தது.

நான் கூடத்தில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தபடி கடைக்குத் தைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. உள்ளறையிலிருந்து வாலு குரல் கொடுத்தாள்.

"அம்மா, நீ ஏன் வெளிய நிக்கறே?"

"எங்கடி நிக்கறேன்? உக்காந்து தைச்சுக்கிட்டு இருக்கேன்."

"இங்க இல்லம்மா. ஊர்ல."

போய்ப் பார்த்தேன். திரையில் என் பொம்மை வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். பச்சை கவுன். பெரிய கொண்டை. முதுகைக் காட்டிக்கொண்டு, அசையாமல்.

"உள்ள போய்ப் பாரு" என்றேன்.

வாலு என் வீட்டுக்குள் போனாள். என் பொம்மை கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தாள். அந்தப் பெண் அதே மாதிரி நின்றிருந்தாள்... இப்போது வாசலுக்குக் கொஞ்சம் கிட்டத்தில்.

மிஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். துணியும் ஊசியும் தெரியுமே தவிர எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? அணைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னேன்.

மறுநாள் வாலு அந்தப் பெண்ணிடம் பேசிப் பார்த்தாள். மிருகங்களிடம் பேசினால் திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து அவை சொல்வது எழுத்தில் ஓடும். அவள் திரும்பவில்லை. கட்டம் மட்டும் வந்தது. கொஞ்ச நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது.

"கால் வலிக்குதா கண்ணு?"

கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"நீ ஏதாவது விளையாட்டுக்குச் செஞ்சு வச்சிருக்கியா? அந்தப் பொம்பளை தமிழ்ல பேசறா."

"சும்மா இருங்க அண்ணி. அந்த கேம்ல தமிழே கிடையாது."

அவன் சொன்னது சரிதான். அதுவரை அந்த ஊரில் இருந்த எல்லாமே இங்கிலீஷ்தான். வாலு படித்துப் படித்து எனக்கு அர்த்தம் சொல்வாள். அன்றைக்கே அந்த மிஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டிருக்கவேண்டும். ஆனால் குழந்தை முகத்தைப் பார்த்தால் மனசு வரவில்லை. இன்னும் ஒரே நாள்தானே என்று நினைத்தேன்.

அந்தக் கடைசி நாள்.

வாலு காலையிலிருந்து ஊரைச் சுற்றினாள். ஒரு களை இல்லை. ஒரு வாடிய பூ இல்லை. ஆபீஸுக்குப் போய் வாத்திடம் கேட்டாள். வாத்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னது. அதுவும் தமிழில்.

"உங்கள் வீட்டுக் கட்டத்தில் ஓர் ஆள் அதிகம்."

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னது. வாலு உதட்டைப் பிதுக்கினாள், பிறகு ஓவென்று அழ ஆரம்பித்தாள். நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். இன்று போனால் திரும்பவும் முதலிலிருந்து இரண்டு வாரம். அழுத அழுகையில் கட்டுப் போட்ட கால் ஆடியது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அழாதடி. ஆள்தானே அதிகம்? ஒருத்தரைக் குறைச்சாப் போச்சு."

ஊரைவிட்டு ஆளை நீக்குவதற்கு மிஷினில் ஒரு இடம் இருந்தது. அதில் இரண்டே பெயர்கள். வாலுவுடையது, என்னுடையது. அந்தப் பெண்ணை நீக்க வழியே இல்லை.

நான் என் பெயரை அழுத்தினேன்.

நீக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது, சரிதானா என்று மிஷின் கேட்டது. சரி என்றேன். இரண்டாம் தடவையும் கேட்டது. அதற்கும் சரி என்றேன். பொம்மைதானே என்று நினைத்தேன். எந்தத் தாயும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் வீடு இருந்த இடம் புல்தரையானது. வாலு வாத்திடம் ஓடினாள்.

"இப்போது சரியாக இருக்கிறது" என்றது வாத்து.

ஊரே கைதட்டியது. நீரூற்று வந்தது, விளக்கு எரிந்தது. வாலு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். தையல் மிஷினில்.

மணி இரண்டரை.

டகடகடகவென்று மிஷின் ஓடியது. உள்ளே வாலு பேசுவது கேட்டது. விளையாடும்போது அவள் தானாகப் பேசிக்கொள்வது வழக்கம்தான். சிரித்தாள். ஏதோ கேட்டாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்.

"அம்மா, தள்ளிப் படு. கால் இடிக்குது."

மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றது.

மிஷின் நின்றது.

பக்கத்து வீட்டு மிக்ஸியும் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம்மா... ஆங், போதும்."

கட்டில் கிரீச்சென்றது. அது பெரிய ஆள் புரண்டு படுத்தால் மட்டும் வரும் சத்தம். எங்கள் கட்டில், எனக்குத் தெரியும்.

எழுந்தேன். நான் திறந்து வைத்த கதவு சாத்தியிருந்தது.

தள்ளினேன். திறக்கவில்லை.

உள்ளே யாரோ முனகுவது போல மெல்லப் பாடினார்கள். வாலுவைத் தூங்கவைக்க நான் பாடும் பாட்டு.

என் குரல்.

"வாலு! கதவைத் திறடி! வாலு!"

பாட்டு நின்றது.

கதவு தானாக விட்டுக்கொடுத்தது. நான் உள்ளே போய் விழுந்தேன்.

வாலு மட்டும்தான் இருந்தாள். சுவரோரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள், இன்னொருவருக்கு இடம் விட்டு. பக்கத்துத் தலையணையில் பள்ளம். கை வைத்தேன். சூடாக இருந்தது.

"என்னம்மா, இப்பதானே எழுந்து போனே? அதுக்குள்ள வெளியிலிருந்து வர்றே?"

திரையைப் பார்த்தேன். நீரூற்றுக்குப் பக்கத்தில் வாலுவின் பொம்மை உட்கார்ந்திருந்தது. அதை ஒட்டி அந்தப் பச்சை கவுன்காரி. முதல் முறையாக முகத்தைக் காட்டிக்கொண்டு.

என் மச்சம்.

பிள்ளையை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். அந்தக் கட்டோடு எப்படித் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. என் வீட்டுக்காரர் வரும்வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் வந்து சிரித்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் சிரிக்கவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுகிறார்.

மிஷினைக் கொழுந்தனிடமே கொடுத்து அனுப்பினோம். அவன் இரண்டு நாள் நோண்டிப் பார்த்தான்.

"அண்ணி, இதுல வாலு மட்டும்தான் இருக்கா. வேற யாரும் இல்ல."

"அந்தப் பச்சை கவுன்?"

"யாருமே இல்ல அண்ணி. ஊர் காலியா இருக்கு."

அவள் போய்விட்டாள் என்று நினைத்து நிம்மதிப்பட்டேன். எங்கே போனாள் என்று யோசிக்கவில்லை, மக்கு நான்.

நீரூற்று வந்த மறுநாளே, சொன்னபடி கட்டுப் பிரித்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து வாலு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். கொஞ்சம் நொண்டுவாள், அவ்வளவுதான். காலையில் அப்பா கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் நான் கூட்டிவருவேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு சட்டைக்குக் காலர் வைக்கப்போய்க் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா, திரும்பவும் வந்துட்டீங்க? அதான் பாப்பா வரமாட்டேன்னு அழுதுச்சே."

"யார்கிட்ட அழுதா?"

"உங்ககிட்டதாம்மா. இப்பதானே வந்துட்டுப் போனீங்க. தினம் இதே கூத்தா இருக்கு. நீங்க வந்து கூப்பிடறதும், அது மாட்டேங்கறதும், நீங்க போயிட்டுத் திரும்ப வர்றதும்..."

நான் தினமும் ஒரு முறைதான் போகிறேன்.

வாலு உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

மண்டிபோட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"வாலு... நான்தான்டி. உன் அம்மாடி."

என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"அவங்களும் இப்படித்தான் சொன்னாங்க" என்றாள்.