பனி பெய்த ஊரிலிருந்து வந்த காற்று

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை. இங்கே மலேசியாவில், கிள்ளானில், தாமான் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், கல்யாணப் பெண்ணுக்கு நலுங்கு வைக்கும் வீட்டு வாசலில் இது நடந்தது. என் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லிவிட்டேன். “எழுதுங்கப்பா, மத்த பிள்ளைங்களும் படிக்கட்டும்” என்று அவர்கள் பிடிவாதம் பிடித்ததால் எழுதுகிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

விசேஷ வீடுகளுக்குக் கூடாரம் போடுவது என் தொழில். ஒரு லோரி இருக்கிறது. என் மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து செய்கிறோம். நம் பக்கம் வீட்டு வாசல் என்றால் தார் ரோடுதானே? தார் ரோட்டில் ஆணி அடித்துக் கூடாரத்தை நிறுத்த முடியாது. அதனால் ஒவ்வொரு இரும்புக் காலுக்கும் பக்கத்தில் ஒரு பெரிய நீல டிரம்மை வைத்து, அதில் தண்ணீர் ரொப்பி, காலை அதோடு கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவோம். தண்ணீரின் பாரம்தான் கூடாரத்தைத் தரையில் பிடித்து வைத்திருக்கும். சில வீடுகளில் குழாய்த் தண்ணீர் நூல் மாதிரி வரும். வானம் தெளிவாக இருந்தால் பாதி டிரம் போதும் என்று விட்டுவிடுவதும் தொழிலில் உண்டு.

என் மூத்த மகள் சீனாவின் வடக்கே, குளிர் மிகுந்த ஒரு நகரத்தில் படிக்கிறாள். அவள் போன நாளிலிருந்து நான் கிள்ளான் வானிலையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கைப்பேசியில் அவள் ஊர் வானிலையைத்தான் பார்ப்பேன். சைபருக்குக் கீழே எவ்வளவு, பனி விழுமா, வடக்கேயிருந்து குளிர்காற்று வருகிறதா என்று எல்லாம் அதில் போட்டிருக்கும். பார்த்துவிட்டு, “குல்லா போட்டியா, காலுறை ரெண்டு போட்டியா” என்று குரல் செய்தி அனுப்புவேன். எனக்குத் தெரிந்த பனியெல்லாம் பாசாரில் மீன்மேல் கொட்டி வைத்திருக்கும் ஐஸ்தான். ஆனாலும் அப்பன் மனது கேட்குமா?

அந்த வாரத் தொடக்கத்தில் அவள் ஊரில் பெரிய பனிப்பொழிவு. வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினாள். ஜன்னலைத் திறந்து உள்ளங்கையை வெளியே நீட்டினாள். பஞ்சு மாதிரி வந்து விழுந்தது. விழுந்ததும் உருகிக் காணாமல் போனது. ரோடு, மரம், நிறுத்தி வைத்த சைக்கிள் எல்லாம் வெள்ளை. நம் ஊர் மழை தகரக் கூரையைத் தட்டி, ஊரையே எழுப்பிவிட்டுத்தான் வரும். அந்தப் பனி ஒரு சத்தமும் போடாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ‘இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு அமைதியாகச் செய்கிறதே’ என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் நாங்கள் கூடாரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள். குரலில் அவசரம் தெரிந்தது.

“அப்பா, இன்னிக்கு வேலை எங்க?”

“இங்க கிள்ளான்லதான் பாப்பா. நலுங்கு வீடு.”

“டிரம் எல்லாம் ஃபுல்லா ரொப்பிட்டீங்களா?”

பள்ளி விடுமுறையில் என் லோரியில் ஏறிவந்து, ரப்பர் குழாயைப் பிடித்து டிரம்முக்குத் தண்ணீர் விட்ட பிள்ளை அவள். அதனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பிறகு அவள் சொன்னதுதான் புதிது. அவள் ஊரில் பனி கொட்டிய அந்தக் குளிர்காற்று அங்கேயே நின்றுவிடவில்லையாம். “ஐஸ் பெட்டியத் திறந்தா குளிர் கால்ல வந்து விழும்ல, அது மாதிரிப்பா” என்றாள். குளிர்ந்த காற்று கனமானது. வடக்கே குவிந்து கிடந்தது தெற்கே சரிந்து, சீனாவைத் தாண்டி, கடலுக்கு வரும். கடல்மேல் வரும்போது சூடாகி, ஈரத்தை எல்லாம் குடித்துக்கொள்ளும். நம் நாட்டுக்கு வரும்போது காற்றும் மழையுமாக வந்து சேரும். “நடுவுல மலை இருக்கறதால நம்ம பக்கம் எப்பவும் அடங்கித்தான் வரும். இந்தத் தடவ பலமா இருக்காம். இங்க உள்ள அறிக்கையையும் நம்ம நாட்டு அறிக்கையையும் சேர்த்துப் பார்த்துட்டேன். இன்னிக்கு வரலாம்பா.”

நான் அண்ணாந்து பார்த்தேன். துடைத்து வைத்த மாதிரி நீல வானம்.

ஏணிமேல் இருந்த மச்சானுக்கும் காதில் விழுந்துவிட்டது. “அங்க பனி பெஞ்சா இங்க நாம குடை பிடிக்கணுமா மாமா?” என்று ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிறாளே என்று, எல்லா டிரம்மையும் விளிம்பு வரை ரொப்பச் சொன்னேன். லோரியில் உபரியாக இருந்த டிரம்களையும் இறக்கி, ரொப்பி, முன் கால்களோடு கட்டினோம்.

பெண்ணின் அப்பா வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“என்ன தம்பி, என் வீட்டுத் தண்ணியெல்லாம் உங்க டிரம்முக்கே போயிடும் போல. பொண்ணு குளிக்கணும் லா!”

“காத்து வருதாம் அண்ணே. அதான்.”

“எங்க காத்து? ஒரு இலை ஆடல. வீடியோக்காரர் வேற டிரம் எல்லாம் படத்துல விழுதுங்கறாரு. முன்னாடி உள்ளதையாவது எடுத்துடுங்களேன்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே மகள். எல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார். எடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மச்சான்தான் அலங்காரத்துக்கு வைத்திருந்த மஞ்சள் துணியை டிரம்களைச் சுற்றிக் கட்டி, மேலே மாவிலைக் கொத்தைச் செருகினான். பெண்ணின் அத்தை, கட்டையான உருவம், கணீர் குரல், அவர் பார்த்துவிட்டு, “அடடே, டிரம்முக்கும் நலுங்கா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டிரம் அங்கேயே நின்றது.

அதே அத்தை, சாத்தே இறைச்சி குத்தும் குச்சி ஒன்றில் மிளகாயும் வெங்காயமும் குத்தி, வேலியோரம் பூஞ்சட்டியில் நட்டார். மழையை நிறுத்த நம் ஊரில் செய்வதுதான். “நட்டாச்சு. இனி ஒரு சொட்டு விழட்டும், பாப்போம்” என்றார்.

நடுப்பகல் நெருங்கியது. வாசல் நிறையப் பெண்கள், பிள்ளைகள். நடுவில் நாற்காலியில் கல்யாணப் பெண், கன்னத்தில் மஞ்சளும் சந்தனமுமாக. பக்கத்துக் காலி இடத்தில் சாப்பாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சின்ன மடக்குக் கூடாரம் விரித்திருந்தார்கள். அதன் கால்களில் எந்தப் பாரமும் இல்லை. நான் போய்ச் சொன்னேன். “வெயிலுக்குத்தானே பாஸ்” என்றார்கள். கயிறாவது கட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதலில் வந்தது குளிர். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ பெரிய கதவு ஒன்றைத் திறந்துவிட்ட மாதிரி, காலடியில் ஒரு குளிர் வந்து தொட்டது. ‘ஐஸ் பெட்டியைத் திறந்தால் காலில் விழுமே’ என்று மகள் சொன்னது அப்படியே ஞாபகம் வந்து, என் உடம்பு சிலிர்த்துவிட்டது. பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். “ஆ, நல்லா இருக்குல்ல, ஏர்கோன் மாதிரி” என்றார் ஒருவர். தாம்பாளத் தட்டில் இருந்த வெற்றிலை ஒவ்வொன்றாகப் பறந்தது. ரோட்டுக் கோடியில் இருந்த மரம் தன் இலைகளையெல்லாம் திருப்பி வெளுத்துக் காட்டியது. அப்புறம் என் கூடாரத்தின் மேல்துணி, தூங்குகிறவன் வயிறு மாதிரி உப்பியது, அமுங்கியது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். அது தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும் மூச்சு.

பெண்ணின் அப்பாவிடம் ஓடினேன்.

“அண்ணே, எல்லாரையும் உள்ள போகச் சொல்லுங்க. உடனே.”

“மழையே இல்லையே தம்பி! நலுங்கு பாதியில இருக்கு. பொண்ணு நடுவுல எந்திரிக்கக் கூடாது லா.”

அது அவர்கள் குடும்ப வழக்கம். பாதியில் எழுந்தால் ஆகாது என்று பெண்ணும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே இரும்புச் சட்டம் கிறீச்சிட்டது.  நான் கத்தினேன். “அண்ணே, என் தொழில் மேல சத்தியமா சொல்றேன், இது நிக்காது!”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் அத்தையின் கணீர் குரல் எழுந்தது.

“எந்திரிக்கத்தானே கூடாது? நாற்காலியோட தூக்குங்கடா!”

பெண்ணின் மாமன்மார் பாய்ந்து வந்து நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். சாமி ஊர்வலம் போகிற மாதிரி பெண் உள்ளே போனாள். பின்னாலேயே பிள்ளைகள், தட்டுகள், பெண்கள், கடைசியாக மஞ்சள் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அத்தை. மச்சான் சாப்பாட்டுக்காரர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான்.

கதவுக்குள் கடைசி ஆள் போவதற்கும் காற்று வருவதற்கும் சரியாக இருந்தது.

பிள்ளைகளே, எத்தனையோ புயல்மழையில் கூடாரம் பிரித்தவன் நான். அந்த மாதிரிக் காற்றைப் பார்த்ததில்லை. ரோட்டின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சுவர் நடந்து வருவது போல வந்தது. கூடாரம் எகிறியது. கயிறுகள் வீணைத் தந்தி மாதிரி விறைத்துப் பாடின. நிறைந்த டிரம்கள் தாரில் உரசி நகர்ந்தன. தண்ணீர் தளும்பியது. ஆனால் ஒன்றும் கவிழவில்லை. நான் ஒரு தூணையும் மச்சான் ஒரு தூணையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது சாப்பாட்டுக்காரர்களின் சின்னக் கூடாரம் கிளம்பியது. ஒரு தாளைப் போலச் சுழன்று உருண்டு வந்து, எங்கள் கூடாரத்துக்குள் பக்கவாட்டில் புகுந்து, முன்வரிசை நாற்காலிகள் மேல் இரும்புக் கால்களோடு விழுந்தது. நாற்காலிகள் உடைந்து தெறித்தன. கொஞ்சம் முன்னால்வரை பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வரிசை அது.

பிறகு மழை. அதன் பிறகு அமைதி.

உள்ளே ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நலுங்கு, வரவேற்பறையில், ஆள்மேல் ஆள் நின்றுகொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பெண்ணின் அப்பா மட்டும் நனைந்தபடி என் பக்கத்தில் வந்து நின்றார். உடைந்த நாற்காலிகளைப் பார்த்தார். மஞ்சள் துணி கட்டிய டிரம்மைப் பார்த்தார். அதன்மேல் கை வைத்தார். 

“எப்படித் தம்பி தெரிஞ்சது?”

“எனக்குத் தெரியல அண்ணே. என் மகளுக்குத் தெரிஞ்சது.”

வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன். கைப்பேசி அந்த வீடு முழுக்கக் கைமாறியது. எல்லாருக்கும் பனி பார்க்க ஆசை. அவள் ஜன்னலைக் காட்டினாள். அங்கே காற்று ஓய்ந்து, பனிமேல் வெயில் அடித்து, உலகமே உப்பளம் மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. எங்கள் வாசலில் அப்போதும் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைதியும் இந்த ஈரமும் ஒரே கதையின் இரண்டு முனைகள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

அத்தை கைப்பேசியை வாங்கி, “ஏன் பாப்பா, அங்க மிளகாய் நட்டா பனி நிக்குமா?” என்றார்.

யாரோ பின்னாலிருந்து, “இங்கயே நிக்கல, அங்க நிக்குமாக்கும்” என்றதும், அத்தை திரும்பினார். “மிளகாய் வெறும் மழைக்குத்தான்டா. காத்தோட வர்ற மழைக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?”

என் மகள் அங்கே விழுந்து விழுந்து சிரித்தாள். பெண்ணின் அப்பா கைப்பேசியை வாங்கினார். அவளிடம் ஏதோ சொல்ல வந்தார். கண் கலங்கிவிட்டது. “சாப்பிட்டியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் நின்று, மீதியாக வீசிக்கொண்டிருந்த குளிர்ந்த காற்றில் என் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாளே, அதே மாதிரி. இது அவள் கையைத் தொட்ட அதே காற்றா என்று பிறகு அவளிடமே கேட்டேன். “அதே காத்துன்னு சத்தியம் பண்ண முடியாதுப்பா. ஆனா அது தள்ளிவிட்ட காத்துதான் இது” என்றாள். எனக்கு அது போதும்.

நம் தலைக்கு மேலே எவ்வளவு பெரிய காரியமெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, பிள்ளைகளே! இப்போதெல்லாம் தை மாதத்தில் குளிர்ந்த காற்று ஒன்று முகத்தில் பட்டால், முதலில் என் டிரம்கள் நிறைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பிறகு, எங்கோ சத்தமில்லாமல் பனி விழுந்திருக்கிறது, என் மகள் குல்லா போட்டிருப்பாளா என்று வடக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.